ஆஸ்திரேலியக் குளிர்காலமும் கொல்லைப்புற மழைமானியும்

கேள்வி இது: “ஆஸ்திரேலியாவில் நிறைய பேர் வீட்டுக் கொல்லையில் மழைமானி வைத்து, மழையையும் குளிரையும் நாள்தோறும் எழுதி வைக்கிறார்கள். அரசு வானிலைத் துறை, ரேடார், செயற்கைக்கோள் எல்லாம் இருக்கும்போது இதற்கு என்ன மதிப்பு? மெல்பர்னுக்கு மேற்கே வெரிபி பக்கம் குடிவந்திருக்கிறோம். கடந்த ஜூலையில் கைபேசியில் 10 மி.மீ. மழை என்று காட்டிய நாளில் எங்கள் தெரு சரியாக நனையக்கூட இல்லை. நானும் அளக்க ஆரம்பிக்கலாமா?”

தாராளமாக ஆரம்பிக்கலாம். உங்கள் தெரு நனையாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

குளிர்காலத்தில் மெல்பர்னுக்கு வரும் மழையில் பெரும்பகுதி மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் குளிர் முகப்புகளோடு, அதாவது முன்னேறி வரும் குளிர்ந்த காற்றின் முன் விளிம்புகளோடு வருகிறது. அந்தக் காற்று உங்களிடம் வருவதற்கு முன்னால் ஓட்வே மலைத்தொடரில் ஏறி இறங்கியாக வேண்டும். ஏறும் பக்கம் ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. மலை முகட்டில் இருக்கும் வீப்ரோய்னா என்ற சிற்றூருக்கு ஆண்டுக்கு 1900 மி.மீ. அளவில் மழை. மலையைத் தாண்டி ஜீலாங்குக்கும் வெரிபிக்கும் இடையே உள்ள சமவெளிக்கு வந்தால் 450 முதல் 550 மி.மீ. வரைதான். மெல்பர்ன் நகர மையத்தில் சுமார் 650. அங்கிருந்து கிழக்கே டாண்டினாங் குன்றுகளில் ஏறினால் மறுபடி 1000-ஐத் தாண்டிவிடும். காலையில் காரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் இந்த நான்கு இடங்களையும் பார்த்துவிடலாம். நீங்கள் இருப்பது மழை மறைவுப் பகுதியில். நகரத்துக்கென்று சொல்லப்படும் எண் உங்கள் கூரைக்குப் பொருந்தாது.

இதிலும் ஒரு விஷயம் கவனியுங்கள். காற்று தென்கிழக்கிலிருந்து வீசினால் ஓட்வேயின் மறைவு உங்களுக்குச் செல்லுபடியாகாது. 2021 ஜூன் 9-ஆம் தேதி இரவு வந்த புயலில் டாண்டினாங் குன்றுகளில் பெரிய பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன, பல நாட்கள் மின்சாரம் இல்லை. வழக்கமான மேலைக்காற்றைத் தாங்கி வளர்ந்த மரங்கள் வேறு திசையிலிருந்து வந்த காற்றுக்கு ஈடுகொடுக்கவில்லை. அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் மழையளவை எழுதும்போது பக்கத்திலேயே காற்று எந்தப் பக்கம் இருந்தது என்றும் குறித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் பிற்பாடு எண்ணை வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியதுதான்.

ஆஸ்திரேலியக் குளிர்காலம் என்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மழையை அண்டவிடாத உயர் காற்றழுத்தப் பட்டை அப்போது வடக்கே நகர்ந்து கண்டத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. டார்வினில் ஜூலையில் ஏறக்குறைய மழையே இல்லை. உள்நாட்டில் பகலில் இதமான வெயில், இரவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போன்ற பாலைவன ஊர்களில்கூட வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். தெற்கு ஓரத்துக்கு மட்டும் குளிர் முகப்புகள் வரிசையாக வந்து மோதும். பெர்த், அடிலெய்டு இரண்டுக்கும் இதுதான் மழைக்காலம். டாஸ்மேனியாவில் மேற்குப் பக்கத்துக் குவீன்ஸ்டவுனுக்கு ஆண்டுக்கு 2400 மி.மீ. வரை பெய்கிறது. அதே தீவில் மலைகளுக்குக் கிழக்கே இருக்கும் ஹோபார்ட்டுக்கு 600 சொச்சம். கிழக்குக் கரை இதற்கெல்லாம் கட்டுப்படாது. சிட்னி, நியூகாசில் பக்கம் குளிர்காலப் பெருமழை கடலோரத் தாழ்வு மண்டலங்களால் வருகிறது. 2007 ஜூன் 8-ஆம் தேதி அப்படி வந்த ஒன்றுதான் பாஷா பல்க்கர் என்ற சரக்குக் கப்பலை நியூகாசில் கடற்கரையில் கொண்டுவந்து தரைதட்ட வைத்தது.

மெல்பர்னுக்கு மழை ஊர் என்று பெயர். ஆனால் சிட்னிக்குப் பெய்வதில் பாதியைவிடச் சற்றே அதிகம்தான் இங்கே பெய்கிறது. ஜூலை மாதத்துக்கு 50 மி.மீ.கூட வருவதில்லை, அக்டோபரில் அதைவிட அதிகம் பெய்யும். இங்கே குளிர்காலம் என்பது தூறல்களின் காலம். இன்றைக்கு 0.4, நாளைக்கு 1.2, அடுத்த நாள் ஒன்றுமில்லை, அதற்கடுத்த நாள் 3.6. இப்படித் துளித்துளியாகச் சேர்வதுதான் மாதக் கணக்கு. ரேடார் சரியாகப் பிடிக்காமல் விடுவதும் இந்தத் தூறலைத்தான்.

ரேடார் கதிர் நேர்கோட்டில் போகிறது, பூமி வளைந்து கீழே இறங்குகிறது. 150 கிலோமீட்டர் தள்ளிப் போவதற்குள் கதிர் தரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். கோடைகால இடிமேகம் 10 கிலோமீட்டருக்கும் மேல் எழும்புவதால் மாட்டிக்கொள்ளும். குளிர்கால மேகம் தாழ்வானது. மழை கதிருக்குக் கீழேயே உருவாகிக் கீழேயே விழுந்துவிடும். படத்தில் வெறும் தரை தெரியும்போது வாசலில் நின்றவர் நனைந்துகொண்டிருப்பார். செயற்கைக்கோளும் மேகத்தின் உச்சியைப் பார்த்துத்தான் மழையை ஊகிக்கிறது. அந்த ஊகம் சரியா என்று பார்க்கத் தரையில் ஒரு பாத்திரம் வேண்டியிருக்கிறது. வானிலைத் துறை வெளியிடும் மழை வரைபடம் நாடு முழுவதையும் சுமார் 5 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் காட்டுகிறதே, அதற்கு அடிப்படை ஆயிரக்கணக்கான மழைமானிகளின் தினசரி அளவு. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைப் படித்து எழுதுபவர்கள் தன்னார்வலர்கள்: விவசாயிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடைக்காரர்கள். தாத்தா ஆரம்பித்ததைப் பேரன் தொடரும் பண்ணைகள் உண்டு. ஒரே குடும்பம் 100 ஆண்டுகளுக்கு மேல் விடாமல் எழுதிவந்த ஏடுகள் உண்டு.

இந்த நாட்டு வானிலை அறிவே அப்படித்தான் தொடங்கியது. 1854-இல் 19 வயதில் சிட்னி நாணயச்சாலைக்கு உலோக மதிப்பீட்டாளராக வேலைக்கு வந்தவர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். பிற்காலத்தில் பொருளியலில் பெரும் பெயர் எடுத்த அதே ஜெவன்ஸ்தான். சிட்னியில் இருந்த சில ஆண்டுகளில் வேலைக்கு நடுவே தன் ஆர்வத்தால் வெப்பநிலை, அழுத்தம், மழை எல்லாவற்றையும் அளந்து பதிந்தார், ஆஸ்திரேலியக் காலநிலை பற்றி விரிவாகவும் எழுதினார். அவருக்கு அப்புறம் நியூ சவுத் வேல்ஸ் அரசு வானியலாளர் ஹென்றி சேம்பர்லின் ரஸல், கிராமம் கிராமமாகத் தன்னார்வலர்களைச் சேர்த்தார். விரல்விட்டு எண்ணும்படி இருந்த மழை நிலையங்கள் அவர் காலத்திலேயே ஆயிரத்தைத் தாண்டின. 1877-இல் சிட்னி நாளிதழில் வானிலை வரைபடம் அச்சாகத் தொடங்கியது அவர் முயற்சியால்தான். தெற்கு ஆஸ்திரேலியாவில் சார்லஸ் டாட் 1872-இல் அடிலெய்டிலிருந்து டார்வின் வரை தந்திக்கம்பி இழுத்து முடித்தபோது, வழியில் இருந்த தந்தி நிலைய ஊழியர்களையே வானிலைப் பதிவாளர்களாகவும் ஆக்கிவிட்டார். எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான வானிலைத் துறை 1908 ஜனவரி 1-இல்தான் வேலையைத் தொடங்கியது. அதன் கையில் முதல் நாளே பல பத்தாண்டுகளின் மழைக்கணக்கு இருந்தது என்றால், அது இவர்கள் எழுதி வைத்தது.

விவசாயிகள் இதில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று கேட்டால், அவர்களுக்கு இது வயிற்றுப்பாடு. 1865-இல், கடும் வறட்சிக்கு நடுவே, தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர் குதிரையில் அலைந்து ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு வடக்கே மழையை நம்பி விதைக்காதே என்பதுதான் அதன் பொருள். ஏறத்தாழ ஆண்டுக்கு 250 முதல் 300 மி.மீ. மழை எல்லையோடு அது ஒத்துப்போகிறது. அடுத்து வந்த நல்ல மழை ஆண்டுகளில் ஜனங்கள் அதை மதிக்காமல் வடக்கே போய்க் கோதுமை விதைத்தார்கள். 1880-களில் மழை பொய்த்ததும் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அவர்கள் கட்டிய கல்வீடுகளின் இடிந்த சுவர்கள் இன்றும் அந்தப் பக்கம் நிற்கின்றன. நீண்ட மழைக்கணக்கு கையில் இல்லாத இடத்தில், நாலு நல்ல ஆண்டுகள் எப்படி ஆளை ஏமாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கும் தெற்கே கோதுமை போடுகிறவர் ஏப்ரல் கடைசியில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், விதைப்புக்கு வழிவிடும் முதல் நல்ல மழைக்காக. அங்கிருந்து அக்டோபர் வரை பெய்வதுதான் பயிர்க்கால மழை. 1984-இல் ஃபிரெஞ்ச், ஷுல்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஓர் எளிய கணக்கு கொடுத்தார்கள். பயிருக்குக் கிடைத்த நீரில் 110 மி.மீ. மண்ணிலிருந்து ஆவியாகப் போய்விடும் என்று கழித்துவிடு, மிஞ்சும் ஒவ்வொரு மி.மீ.க்கும் ஹெக்டேருக்கு 20 கிலோ கோதுமை வரை எடுக்கலாம். 300 மி.மீ. என்றால் 3800 கிலோ, 220 மி.மீ. என்றால் 2200 கிலோ. மழை கால்வாசி குறைந்தால் மகசூல் அதைவிட அதிகமாக அடிவாங்குகிறது பாருங்கள். 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அரசு நிலையத்தின் எண்ணை வைத்து இந்தக் கணக்கைப் போட எந்த விவசாயியும் துணியமாட்டார். வயதான விவசாயிகளோடு பேசினால் “50 பாயின்ட் பெய்தது” என்பார்கள், குழம்பிவிடாதீர்கள். 100 பாயின்ட் என்றால் ஓர் அங்குலம், ஆக 50 பாயின்ட் 12.7 மி.மீ. நாடு 1974-இல் மில்லிமீட்டருக்கு மாறிவிட்டது, பேச்சில் பாயின்ட் இன்னும் இருக்கிறது.

இந்தப் பதிவுகள் சேர்ந்து காட்டிய மிகப் பெரிய செய்தி தென்மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பெர்த்தைச் சுற்றியுள்ள பகுதியில் 1970-லிருந்து ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான மழை சுமார் 15 சதவீதம் குறைந்திருக்கிறது. மே, ஜூன், ஜூலையில் குறைவு இன்னும் கூடுதல். 15 சதவீதம்தானே என்று தோன்றும். காய்ந்த மண் முதலில் தானே குடித்துக்கொள்கிறது, அதனால் அணைகளுக்கு வரும் நீர் பாதிக்கும் கீழே போய்விட்டது. 2006-இல் பெர்த் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தொடங்க வேண்டி வந்ததன் பின்னணி இது. தென்கிழக்கிலும் 1990-களின் பிற்பகுதியிலிருந்து குளிர்ப்பருவ மழை சுமார் 10 சதவீதம் சரிந்திருக்கிறது. இவ்வளவு மெதுவாக நடக்கும் மாற்றத்தை எந்த ஒரு குளிர்காலத்திலும் யாராலும் உணர முடியாது. ஒரே இடத்தில், ஒரே முறையில், பல பத்தாண்டுகள் எழுதிய ஏடு இருந்தால் மட்டுமே அது பிடிபடும்.

ஆகவே உங்கள் முதல் குளிர்காலக் கணக்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் இங்கே மிக அதிகம். பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடா (எல் நினோ), குளிரா (லா நினா) என்பது ஒன்று. இந்தியப் பெருங்கடலில் மேற்குப் பக்கமா கிழக்குப் பக்கமா, எது சூடு என்பது இன்னொன்று. 1999-இல் அடையாளம் காணப்பட்ட இந்த இருமுனை ஊசல், நம் ஊர் வடகிழக்குப் பருவமழை பற்றிய பேச்சிலும் அடிபடுவதால் உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். மேற்கு சூடாகி, இந்தோனேசியப் பக்கம் குளிர்ந்தால் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவுக்குக் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மழை குறையும். 2019-இல் அது உக்கிரமாக இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளம், ஆஸ்திரேலியாவுக்கோ பதிவுகளிலேயே மிக வறண்ட ஆண்டு. 2022-இல் நேர்மாறாக ஊசல் இந்தப் பக்கம் சாய்ந்தது, லா நினாவும் சேர்ந்துகொண்டது. அந்த அக்டோபர் 14-இல் உங்கள் பக்கத்து மரிபிர்னாங் ஆறு கரைபுரண்டு வீடுகளுக்குள் புகுந்ததை அக்கம்பக்கத்தார் சொல்லியிருப்பார்கள். அதற்கு முந்தைய வாரங்களிலேயே மண் ஊறிப்போயிருந்தது, புதிதாகப் பெய்த மழைக்கு ஆற்றைத் தவிரப் போக்கிடம் இல்லை. மூன்றாவது, அண்டார்டிகாவைச் சுற்றி வீசும் மேலைக்காற்று வடக்கே ஏறியிருக்கிறதா, தெற்கே ஒதுங்கியிருக்கிறதா என்பது. ஒதுங்கினால் குளிர் முகப்புகள் கண்டத்தைத் தொடாமல் கடலோடு போய்விடும். இதையெல்லாம் ஏட்டின் ஓரத்தில் மாதம் ஒருமுறை குறித்து வைத்தால் உங்கள் எண்களைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், குளிரையும் கேட்டிருந்தீர்கள். உறைபனியைக் கருவிகள் நேரடியாக அளப்பதில்லை. அதிகாரபூர்வ வெப்பநிலை, வெள்ளைப் பலகைக் கூண்டுக்குள் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் எடுப்பது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை அதைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். அதனால்தான் கூண்டுக்குள் 2 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே போனாலே உறைபனிக்கு வாய்ப்புள்ள இரவு என்று கணக்கிடுகிறார்கள். உண்மையில் புல் வெளுத்ததா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஒரே பண்ணையில் மேட்டுநிலம் பச்சையாகவும் ஓடைக்கரை வெள்ளையாகவும் இருப்பது சாதாரணம். நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 23 டிகிரி, 1994 ஜூன் 29-இல் பனிமலைப் பகுதியின் சார்லட் பாஸில் பதிவானது. அந்த இடமும் சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளம்தான், அதைவிட உயரமான சிகரங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

பனிப்பொழிவும் அப்படித்தான். அதே பனிமலைப் பகுதியின் ஸ்பென்சர்ஸ் கிரீக்கில் 1954-லிருந்து குளிர்காலம்தோறும் ஆட்கள் நேரில் போய்ப் பனியின் ஆழத்தை அளக்கிறார்கள். 1981-இல் கண்ட 361 சென்டிமீட்டர்தான் அங்கே உச்சம். இந்த மாதிரி நேரடி அளவு மிகச் சில இடங்களில்தான் உண்டு. மற்ற இடங்களில் மனிதர்கள் இருந்த நிலையங்கள் தானியங்கிகளாக மாறிவிட்டன, பெரும்பாலான தானியங்கிகளுக்குப் பனி தெரியாது. பாலரட் பக்கத்திலோ ஓபரானிலோ தாழ்வான உயரத்தில் பனி விழுந்த நாட்களைப் பற்றி இனி வரும் காலத்துக்கு மிஞ்சப்போவது பெரும்பாலும் ஆர்வலர்களின் குறிப்புதான். “காலை 7 மணி, 800 மீட்டர், புல்லில் படிந்தது, சாலையில் படியவில்லை” என்று நாலு வார்த்தை எழுதினாலே போதும்.

சரி, எப்படி அளப்பது? வானிலைத் துறையின் கையால் படிக்கும் மழைமானியின் வாய் 203 மி.மீ. அகலம், விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரம். இந்த உயரம் யோசித்து வைத்தது. மேலே ஏற ஏறக் காற்று வலுக்கும், பாத்திரத்தின் வாய்க்கு மேலே சுழன்று துளிகளைத் தள்ளிக்கொண்டு போய்விடும். உயரத்தில் வைத்த மழைமானியில் மழை குறைவாக விழுவது காற்றால்தான் என்று 1861-இல் விளக்கி எழுதியவர் வேறு யாருமல்ல, நாம் மேலே பார்த்த ஜெவன்ஸ். வேலிக் கம்பத்தின் உச்சியில் மாட்டும் பிளாஸ்டிக் மழைமானி காற்றோடு வரும் குளிர்காலத் தூறலைத் தவறவிடுவது இதனால்தான். கூரை மேல் வைக்கவே வேண்டாம். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு, முடிந்தால் நான்கு மடங்கு தள்ளி வையுங்கள். புறநகர் மனையில் நான்கு மடங்கு கிடைப்பது கஷ்டம். கிடைத்த இடத்தில் வைத்துவிட்டு, பிறகு இடத்தை மாற்றாதீர்கள். மாற்றினால் எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்.

காலை 9 மணிக்குப் படிக்க வேண்டும். முந்தைய 24 மணி நேர மழை படித்த நாளின் தேதியில் ஏறும், நேற்று மாலை பெய்தது இன்றைய கணக்கு. அளவுக் குழாயைச் சமதளத்தில் வைத்து, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி, நடுவில் குழிந்திருக்கும் அடிமட்டத்தைப் பாருங்கள். ஓரத்தில் ஏறி நிற்கும் நீரைப் பார்த்தால் அளவு கூடும். 203 மி.மீ. வாயில் 1 மி.மீ. மழை என்பது சுமார் 32 மில்லிலிட்டர். சந்தேகம் வந்தால் சமையலறைத் தராசில் நிறுத்துக்கூடப் பார்க்கலாம், 32 கிராம் இருக்க வேண்டும். உறைபனிக் காலையில் புனலில் ஐஸ் இருந்தால், அளந்து எடுத்த வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் கரைத்துவிட்டு, ஊற்றிய அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். யூகலிப்டஸ் இலையும் சிலந்தி வலையும் புனலை அடைக்கும், தினமும் பார்க்க வேண்டும். தானியங்கி நிலையம் வாங்கினீர்கள் என்றால் அதில் சின்னச் சாய்வுத் தொட்டி 0.2 மி.மீ. சேர்ந்ததும் கவிழ்ந்து எண்ணும். மழையே இல்லாத குளிர்காலக் காலையில் 0.2 காட்டினால் பெரும்பாலும் அது பனித்துளியோ மூடுபனியோதான். எண்ணை அழிக்காதீர்கள், பக்கத்தில் “பனித்துளி” அல்லது “மூடுபனி” என்று எழுதுங்கள். என்னைக் கேட்டால் கையால் படிக்கும் மழைமானி ஒன்றைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். தானியங்கி அதற்குத் துணையாக இருக்கட்டும்.

மழை இல்லாத நாளில் 0 என்று எழுத வேண்டும். வெற்றிடம் விட்டால் மழை இல்லையா, ஆள் இல்லையா என்று பின்னால் படிப்பவருக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவின் தரமான பழைய மழைப் பதிவுகளை 2004-இல் ஆராய்ந்தவர்கள் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் மழை குறைவாகவும் திங்கட்கிழமைகளில் அதிகமாகவும் பதிவாகியிருந்தது. வானத்துக்கு ஏது கிழமை? வார இறுதியில் யாரும் படிக்காமல், சேர்ந்திருந்த மழையைத் திங்கள் காலை மொத்தமாக அளந்து, அது இரண்டு மூன்று நாள் மழை என்று குறிக்காமல் விட்டிருக்கிறார்கள். மாதக் கூட்டுத்தொகைக்கு இதனால் பெரிய பாதகமில்லை. ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு பெய்தது, வடிகாலை எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும் என்று கணக்குப் போடுபவருக்கு அது தவறான எண்ணைக் கொடுத்துவிடும். ஆகவே வெளியூர் போய்த் திரும்பினால், போன நாட்களுக்கெல்லாம் 0 போட்டு நிரப்பாதீர்கள், ஊகித்துப் பிரித்தும் போடாதீர்கள். வெள்ளி முதல் திங்கள் காலை வரை சேர்த்து 11.6 என்றால், திங்கள் தேதியில் 11.6 எழுதி, பக்கத்தில் “3 நாள் மொத்தம்” என்று போடுங்கள். சனி, ஞாயிறு கட்டங்களில் ஒரு கோடு போதும்.